இரண்டு போர்கள், ஒரு மார்பு: ஜெர்மன் சிப்பாயின் பதக்கங்களைச் சேகரித்து உண்மை பார்ப்பது எப்படி

1890களில் பிறந்த ஒரு ஜெர்மானியர் இருபது வயதுக்கு முன்பின்னாக 1914இல் அகழிக்குள் இறங்கியிருப்பார். 1939இல் நாற்பதுகளின் நடுவில், ரிசர்வ் ஆளாக மறுபடி சீருடை போட்டிருப்பார். இப்படி இரண்டு போர்களிலும் நின்ற ஒருவரின் பதக்கங்களை முழுக் குழுவாகச் சேர்ப்பது இந்தத் துறையில் மிகச் சுவையான வேலை. ஏமாறுவதற்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. தனிப் பதக்கத்தில் ஏமாந்தால் ஒரு பதக்கத்தோடு போகும். குழுவில் ஏமாந்தால், எல்லாப் பதக்கங்களும் அசலாக இருந்துகொண்டே குழு மட்டும் பொய்யாக இருக்கும். இதை "ஜோடித்த குழு" என்று வைத்துக்கொள்வோம். இந்த வழிகாட்டியின் பாதி அதைப் பிடிப்பதற்காகவே.

உலோகத்தைச் சோதித்தால், அந்த உலோகம் எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரியும். அது யார் மார்பில் இருந்தது என்பதைக் காகிதமும் தேதிகளும்தான் சொல்லும். எனவே லென்ஸை எடுப்பதற்கு முன் நாள்காட்டியை எடுங்கள்.

முதல் படி: தேதிகளை மனப்பாடமாக்குங்கள்

இரும்புச் சிலுவையை, ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் 1813 மார்ச்சில் நெப்போலியனுக்கு எதிரான போருக்காக ஏற்படுத்தினார். வடிவம் கட்டடக் கலைஞர் ஷின்கெலுடையது. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு போருக்கும் அது புதுப்பிக்கப்பட்டது. 1914 சிலுவையில் முன்புறம் மேலே கிரீடம், நடுவில் 'டபிள்யூ' எழுத்து, கீழே 1914. 1939 சிலுவையில் நடுவே ஸ்வஸ்திகா, கீழே 1939. ரிப்பனில் தொங்கும் இரண்டாம் வகுப்பில் பின்புறம் 1813 என்ற ஆண்டு இரண்டு போர்களிலும் உண்டு. "1813 போட்டிருக்கிறது, நெப்போலியன் காலத்துப் பதக்கம்" என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மற்ற முக்கியத் தேதிகள் இவை:

- காயமுற்றோர் சின்னம்: 1918 மார்ச் 3. ஒன்று இரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்து முதல் தங்க நிறம். 1939இல் வந்த புது வடிவத்தில் தலைக்கவசத்தின் மேல் ஸ்வஸ்திகா இருக்கும்.
- முதல் உலகப் போர் கௌரவச் சிலுவை: 1934 ஜூலை 13, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஆணை.
- போர்ச் சேவைச் சிலுவை: 1939 அக்டோபர் 18.
- காலாட்படைத் தாக்குதல் சின்னம்: 1939 டிசம்பர் 20.
- கிழக்கு முனைக் குளிர்காலப் போர்ப் பதக்கம்: 1942 மே 26. 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரை ரஷ்ய முனையில் நின்றவர்களுக்கு. சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர் "உறைந்த இறைச்சிப் பதக்கம்".

எந்தச் சான்றிதழும் அதன் பதக்கம் பிறந்த நாளுக்கு முந்தைய தேதியில் இருக்க முடியாது. 1942 பிப்ரவரித் தேதியிட்ட கிழக்கு முனைச் சான்றிதழ் கண்ணில் பட்டால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம்.

எல்லோரும் சறுக்குவது கௌரவச் சிலுவையில்தான். அதன் முகத்தில் 1914, 1918 என்று இருப்பதால் போர்க்காலப் பதக்கம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் 1934க்கு முன் அது உலகத்திலேயே இல்லை. "1918இல் எடுத்த படம்" என்று சொல்லும் புகைப்படத்தில் அது தொங்கினால் படத்தின் தேதி தவறு. மூன்று வகைகள் உண்டு: முனையில் போரிட்டவர்களுக்கு வாள்களோடு, போரில் பங்கேற்ற மற்றவர்களுக்கு வாள் இல்லாமல், இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்பு அரக்குப் பூச்சில். வாள் போட்டது மட்டுமே 60 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. அதனால் தனியாக வாங்க இது மலிவு, குழுவை நிரப்ப வியாபாரிக்குக் கைக்கு வாகு. ஒரே ஆளின் பட்டியில் (பதக்கங்களை வரிசையாகத் தைத்து மாட்டும் தகட்டில்) வாள் சிலுவையும் கறுப்புச் சிலுவையும் சேர்ந்து தொங்கினால் நிறுத்துங்கள். அவருடைய மகன் முதல் உலகப் போரில் இறந்தார் என்று காட்டும் காகிதம் இல்லாவிட்டால் அது நிரப்பல்.

இரண்டாம் படி: இரண்டு போர்களையும் இணைக்கும் கொக்கி

1914 இரும்புச் சிலுவை வைத்திருந்தவர் 1939க்குப் பின் அதே வகுப்பை மறுபடி வென்றால், முறைப்படி அவருக்கு இன்னொரு சிலுவை கிடைக்காது. கழுகும் 1939 என்ற ஆண்டும் கொண்ட ஒரு சிறு பட்டை கிடைக்கும். ஜெர்மானியர்கள் இதை ஸ்பாங்கே என்பார்கள். இரண்டாம் வகுப்பு ஸ்பாங்கே 1914 சிலுவையின் ரிப்பன் மேல் குத்தப்படும். முதல் வகுப்பு ஸ்பாங்கே 1914 சிலுவைக்கு மேலே சட்டையில் குத்தப்படும். இரண்டு போர்களையும் ஒரே மார்பில் சேர்க்கும் பொருள் இதுதான்.

இதிலிருந்தே ஒரு கூர்மையான சோதனை கிடைக்கிறது. 1914 இரண்டாம் வகுப்புச் சிலுவையும் 1939 இரண்டாம் வகுப்புச் சிலுவையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் பட்டியைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். "இரண்டு போர் வீரர்" என்றால் இரண்டு சிலுவை இருக்க வேண்டும் என்று நினைத்தவர் கட்டியது அது. விதி தெரிந்தவர் அப்படிக் கட்டமாட்டார்.

விதி தெரிந்த மோசடிக்காரர் ஸ்பாங்கேயைப் போலியாகச் செய்து ஏற்றுவார். அதனால் ஸ்பாங்கேயின் பின்புறத்தைப் பாருங்கள். துணியில் குத்தி மடக்கும் கால்கள் நாளாக நாளாக ரிப்பனில் தடம் பதித்திருக்கும். கால்களைச் சற்றுத் தூக்கினால் அடியில் ரிப்பன் நிறம் மங்காமல் இருக்க வேண்டும். அடியிலும் மேலும் ஒரே மங்கல் என்றால் ஸ்பாங்கே நேற்று வந்தது.

மூன்றாம் படி: கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதாவது நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அதே கண்ணாடி. 0.01 மில்லிமீட்டர் காட்டும் டிஜிட்டல் வெர்னியர். 0.01 கிராம் காட்டும் தராசு. சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், வலுவான காந்தத்தை மேலே அறையக்கூடாது, அரக்குப் பூச்சு உதிரும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். சாய்வாக வெளிச்சம் அடிக்க ஒரு சாதாரண டார்ச். நைட்ரைல் கையுறை. இவ்வளவு போதும்.

நான்காம் படி: இரும்புச் சிலுவையைக் கையில் எடுத்துப் பார்த்தல்

அசல் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் அச்சில் அடித்துக் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, முன்னும் பின்னும் அதைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு சட்டங்கள். சட்டங்களைச் சுற்றிலும் பற்றவைத்திருப்பார்கள். சட்டம் வெள்ளி, அல்லது நம் பாத்திரக்கடையில் ஜெர்மன் சில்வர் என்று விற்கும் நிக்கல் கலவை. பல வெள்ளிச் சட்டங்களில் 800 என்ற முத்திரை இருக்கும், ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று பொருள்.

முதலில் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு சட்டங்கள் சேரும் கோடு, மயிரிழை போல, சில இடங்களில் தேய்த்து மறைந்து, சில இடங்களில் தெரிந்தபடி ஓடும். கோடே இல்லை, முழுக்க ஒரே கட்டி என்றால் அது ஒற்றைத் துண்டு வார்ப்பு. அடுத்து சட்டத்தின் உள்ளோரத்து மணிவரிசை. அச்சில் அடித்த மணிகள் தனித்தனியாக, உச்சி மட்டும் தேய்ந்து நிற்கும். வார்ப்பில் எடுத்த மணிகள் ஒன்றோடொன்று வழிந்து, இடுக்குகளில் ஊசிமுனை அளவு குழிகளோடு இருக்கும். அந்தக் குழி உருகிய உலோகத்தில் சிக்கிய காற்று. எவ்வளவு மெருகு போட்டாலும் இடுக்குக்குள் இருக்கும் குழி போகாது.

வெர்னியர் இங்கேதான் உதவும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கும், ஏறத்தாழ ஒன்று இரண்டு சதவீதம். 44 மில்லிமீட்டர் சிலுவையில் அது ஏறத்தாழ 0.4 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை வரும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியருக்குத் தெரியும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு சற்று மாறும். எனவே அதே தயாரிப்பாளரின் உறுதியான அசலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

காந்தத்தை நம்பிக் கெட்டவர்கள் பலர். இரும்புத் தகடு ஈர்க்கும், சரி. மலிவான போலியிலும் எஃகுத் தகடு வைக்கிறார்கள், அதுவும் ஈர்க்கும். பித்தளைத் தகட்டோடு வந்த சில அசல்களும் உண்டு, அவை ஈர்க்காது. காந்தம் சொல்வதை ஒரு சாட்சியாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புச் சிலுவையைத் திருப்பி ஊசியைப் பாருங்கள். கீலும் கொக்கியும் சுத்தமாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். சுழலும் பாதுகாப்புப் பூட்டோடு வரும் நவீன புரோச் ஊசி என்றால் பேச்சே வேண்டாம். சுற்றிலும் வெப்பத்தால் கறுத்த வட்டம் இருந்தால் ஊசி பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது. பழைய காலத்திலேயே பழுது பார்த்தது என்று விற்பவர் சொன்னால் விலையில் அதற்கான குறைப்பு இருக்க வேண்டும்.

முத்திரைகள். 1914 சிலுவையின் வளையத்தில் 'கே.ஓ.', 'எஸ்-டபிள்யூ' போன்ற சிறு எழுத்துகள் இருக்கும். 1939க்குப் பிந்தியவற்றில் இரண்டு முறைகள் ஓடின. அரசு வழங்குவதற்காகச் செய்தவற்றில் வெறும் எண்: 1 என்றால் மியூனிக்கின் டெஷ்லர், 4 என்றால் லூடன்ஷைட்டின் ஸ்டைன்ஹவர் லூக், 65 என்றால் கிளைன் குவென்ட்ஸர், 100 என்றால் மிட்வைடாவின் வெக்ட்லர் லாங்கே. கடையில் விற்பனைக்குச் செய்தவற்றில் 'எல்' எழுத்தும் சாய்கோடும் எண்ணும்: எல்/11 டொய்மர், எல்/16 ஸ்டைன்ஹவர் லூக். பதக்கம் தொலைத்தவரோ, நல்ல சட்டைக்கு இன்னொன்று வேண்டியவரோ சொந்தக் காசில் கடையில் வாங்கிய காலம் அது. ஆகவே எல் முத்திரை இருப்பதால் பதக்கம் போலியாகாது. ஒரு விதிவிலக்கு, வியன்னாவின் சூவால் நிறுவனம், எல்/58. போர் முடிந்த பிறகும் அங்கே பழைய அச்சுகளில் அடித்தார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் விலையைப் பாதியாக யோசியுங்கள்.

இன்னொரு குழி 1957. அந்த ஆண்டு ஜூலை 26இல் மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு, ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் போர்க்காலப் பதக்கங்களை அணிய அனுமதித்தது. இரும்புச் சிலுவையில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் மூன்று கருவாலி (ஓக் மர) இலைகள் வந்தன. இது சட்டப்படியான உண்மைப் பொருள், விலை குறைவு. அந்தச் சிலுவையின் உலோகச் சட்டத்தைப் பிரித்து ஸ்வஸ்திகாத் தகட்டைச் செருகினால் விலை ஏறிவிடுகிறது. தகட்டின் வயதும் சட்டத்தின் வயதும் ஒத்துப்போகிறதா, சட்டத்தின் மூலைகளில் திரும்பப் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நைட்ஸ் கிராஸ் எனும் கழுத்துச் சிலுவை பற்றி ஒரே வரி: சுமார் 7,300 பேருக்கு மட்டுமே கிடைத்தது, தொடக்கநிலையில் தொடாதீர்கள். ஹிட்லரின் கட்சிப் படையான எஸ்.எஸ். சம்பந்தப்பட்ட எதற்கும் இதுவே பதில். எங்கே விலை எகிறுகிறதோ அங்கேதான் போலிப் பட்டறைகள்.

ஐந்தாம் படி: பட்டியும் ரிப்பனும்

பதக்கங்களை வரிசையாகத் தைத்து மாட்டும் தகட்டைப் பட்டி என்போம். ஜோடித்த குழுக்களைப் பிடிக்க இதைவிட நல்ல இடமில்லை. ஒவ்வொரு பதக்கமும் அசலாக இருந்தும் பட்டி பொய் சொல்லும்.

பின்புறம் திருப்புங்கள். உள்ளே தகரம் பூசிய இரும்புத் தகடு, மேலே கம்பளித் துணி, கைத்தையல். கம்பளியில் துரு ஊறியிருக்கிறதா? தகட்டிலிருந்து துரு வந்தால் தையல் நூலையும் அது கறைப்படுத்தியிருக்கும். துணியில் கறை, நூல் மட்டும் வெள்ளை என்றால் நூல் புதிது. பிறகு ஊசித் துளைகள். பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்தால் வெற்றுத் துளைகள் வரிசையாக மிச்சம் இருக்கும்.

ரிப்பனின் மடிப்பை மெல்ல விலக்கிப் பாருங்கள். வெளிச்சம் படாத உள்மடிப்பு பளிச்சென்று, வெளிப்பக்கம் மங்கி இருக்க வேண்டும். எல்லா ரிப்பன்களும் ஏறத்தாழ ஒரே அளவு மங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுத் துணி போல் இருந்தால் அந்தப் பதக்கம் பின்னால் ஏறியது. சிலுவை ரிப்பனின் மேல் உரசி உரசி ஏற்படுத்திய மங்கல் தடம் இப்போது தொங்கும் பதக்கத்தின் வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்த்த நவீன நூல் நீலவெள்ளையாக ஒளிரும். அவை பரவியது போருக்குப் பின்தான். ரிப்பன் ஒளிராவிட்டால் நல்ல அறிகுறி, ஒளிர்ந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள்: யாரோ ஒரு பாட்டி நவீனச் சோப்பில் துவைத்திருக்கலாம். துவைத்த ரிப்பன் முழுவதும் ஒரே சீராகப் பட்டும் படாமலும் ஒளிரும். நவீன நூலோ தைத்த கோட்டில் மட்டும் வெட்டுப்போல் மின்னும். வாசனை ஒரு சாட்சியே இல்லை, தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்து பழசாக்குவது பழைய வித்தை.

வரிசையையும் கவனியுங்கள். இரும்புச் சிலுவை முதலில், பார்ப்பவரின் இடக்கோடியில். பிறகு ஜெர்மன் மாநிலங்களின் போர்ப் பதக்கங்கள், அதன்பின் 1934 கௌரவச் சிலுவை, கடைசியில் வெளிநாட்டு நினைவுப் பதக்கங்கள். அந்தந்த ஊர்த் தையல்காரர் சிற்சில மாற்றம் செய்திருப்பார். இரும்புச் சிலுவையே நடுவில் தொங்கினால் மட்டும் யோசியுங்கள்.

மாநிலப் பதக்கங்கள் உங்களுக்குச் சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்கும். 1914இல் ஜெர்மனி பல அரசுகளின் கூட்டு. பவேரியாவின் இராணுவச் சேவைச் சிலுவை இருந்தால் அவர் பவேரியப் படையினர் என்று தொடங்கலாம். சிவப்பு எனாமல் பூசிய ஹான்சியாட்டிக் சிலுவையை ஹம்பர்க், பிரேமன், லூபெக் என்ற மூன்று துறைமுக நகரங்கள் தனித்தனி வடிவில் வழங்கின. காலாட்படை 76ஆம் ரெஜிமெண்டின் ஹம்பர்க் சிப்பாய்க்கு ஹம்பர்க் சிலுவை பொருந்தும். 75ஆம் ரெஜிமெண்ட் பிரேமனுடையது, 162 லூபெக்கினுடையது. மியூனிக்கில் பிறந்து பவேரியப் படையிலேயே இருந்தவரின் பட்டியில் லூபெக் சிலுவை தொங்கினால் காரணம் கேளுங்கள்.

ரிப்பன் நிறத்திலும் ஒரு தகவல் உண்டு. 1914 சிலுவை போரிட்டவருக்குக் கறுப்பு ரிப்பனில் வெள்ளைக் கரையோடும், போரிடாதவருக்கு வெள்ளையில் கறுப்புக் கரையோடும் வரும். 1939க்கு சிவப்பு, வெள்ளை, கறுப்பு.

ஆறாம் படி: காகிதம்

இரண்டாம் உலகப் போர் ஆளுக்குச் சோல்ட்புக் என்ற சம்பளப் புத்தகம் இருந்தது, எப்போதும் சட்டைப்பையில். வேர்பாஸ் என்ற சேவைப் பதிவேடு படை அலுவலகத்தில் இருக்கும். முதல் உலகப் போரில் மிலிட்டேர்பாஸ். இவற்றில் பதக்கங்கள் தேதியோடு எழுதப்பட்டிருக்கும். பதக்கத்தைவிட இந்தப் புத்தகத்துக்கு அதிகம் கொடுப்பது அறிவான செலவு.

சரிபார்க்கும் விதம்: ஒவ்வொரு பதிவின் தேதியையும், அன்று அந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். அலுவலக முத்திரையில் உள்ள பிரிவும் கையெழுத்தும் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். பின்னாலிருந்து சேர்த்த பதிவு பெரும்பாலும் ஒரே மையில், ஒரே கையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். ஆறு ஆண்டுப் பதிவு ஆறு விதமாக இருக்க வேண்டும்.

சான்றிதழை லென்ஸில் பார்த்தால் அச்சுக் கோடுகள் உறுதியாக இருக்க வேண்டும். புள்ளிபுள்ளியாகச் சிதறினால் கணினி அச்சு. தட்டச்சு எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், பின்புறம் விரலால் தடவினால் தெரியும். கையெழுத்து மையிலா, அச்சிலா என்று சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். காகிதம் புற ஊதாவில் நீலவெள்ளையாகப் பளபளத்தால் அது போருக்குப் பிந்திய காகிதம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டால் இங்கே தடுமாறுவீர்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரெண்டில் 'இ', 'என்' எழுத்துகள் ஒன்றுபோல் தெரியும். குறைந்தது பெயர், ஊர், மாதம், ரெஜிமெண்ட் சுருக்கங்கள் மட்டுமாவது படிக்கப் பழகுங்கள்.

ஏழாம் படி: ஆவணக் காப்பகம்

முதல் உலகப் போரின் பிரஷ்யப் படை ஆவணங்களைத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கை. 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாமில் விழுந்த குண்டுகளில் அவை எரிந்துபோயின. பவேரியப் படைப் பதிவேடுகள் மியூனிக்கின் போர்க் காப்பகத்தில் பிழைத்துவிட்டன, வூர்ட்டம்பெர்க் பதிவுகள் ஸ்டுட்கார்ட்டில். இதனால்தான் பவேரிய வீரரின் குழுவைச் சோதிப்பது எளிது, பிரஷ்யரைச் சோதிப்பது கடினம். போலி செய்பவரும் இது தெரிந்து பிரஷ்யப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். நம் வழக்கில் சொன்னால் ஆள் சரியான எம்டன்.

பிரஷ்யருக்கு மாற்று வழி: அரசு வெளியிட்ட இறந்தோர், காயமுற்றோர் பட்டியல்கள். பெயர் கொண்டு இணையத்தில் தேடலாம். காயச் சின்னம் தொங்கும் குழுவில் பெயர் பட்டியலில் வந்தால் பெரிய ஆதாரம். இரண்டாம் உலகப் போருக்கு, வாஸ்ட் என்ற பழைய தகவல் அலுவலகத்தின் ஆவணங்கள் 2019 முதல் கூட்டாட்சிக் காப்பகத்தின் பெர்லின் கிளையில் இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் எழுதினால் பதில் தேறும். அடையாளத் தகடு இருந்தால் அதன் எழுத்தும் எண்ணும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் பொறித்த பதக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. இரும்புச் சிலுவையில் அரசு பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. பொறிப்பு எப்போதும் தனியார் வேலை, அன்றோ நேற்றோ. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பலின் பெயர் பொறித்த சிலுவை வந்தால் நமக்கு ஆசை கூடும். பொறிப்பின் பள்ளத்தில் கருமையும் அழுக்கும் மற்ற இடத்தைப் போலவே ஊறியிருக்கிறதா என்பதையும், கப்பல் ஆட்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வாங்கும்போது

விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: "பட்டி எந்த நிலையில் வந்தது, யாராவது கழற்றித் தைத்தார்களா, குழு முழுவதும் ஒரே வீட்டிலிருந்து வந்ததா?" ஒரே வீட்டிலிருந்து வந்தது என்பவர் அதை ரசீதில் எழுத மறுத்தால், வராதது என்றே கணக்கிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய வியாபாரியிடம் தொலைவிலிருந்து வாங்கும் நுகர்வோருக்குப் பதினான்கு நாள் திருப்பித் தரும் உரிமை உண்டு. தனி நபரிடம் அது கிடையாது.

நம் வீட்டு வாசலில் கோலமாகும் ஸ்வஸ்திகாவை நாஜிச் சின்னமாக ஜெர்மனியில் பொதுவில் காட்டினால் குற்றம். குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அது. ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, என்றாலும் அங்கே ஏலப் பட்டியல்களில் அந்த இடத்தை மறைத்து அச்சிடுகிறார்கள். ஆஸ்திரியாவில் கடுமை இன்னும் அதிகம். சேகரிப்பாளர் இந்தப் பதக்கங்களை அணிந்து படம் போடுவது எங்கேயும் அருவருப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் வைப்பது

மெருகு போடாதீர்கள். வெள்ளிச் சட்டத்தின் மங்கலான பனிப்பூச்சை பாலிஷ் துணி ஒரு நிமிடத்தில் துடைத்துவிடும், திரும்ப வராது. கறுப்பு அரக்கு உதிர்ந்த இடத்தில் சாயம் தொட்டு வைப்பது இன்னும் மோசம்.

கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் பெரிய பகை. இரும்புத் தகட்டுக்குள் துரு புகுந்தால் அரக்கைக் கொப்புளம் போல் தூக்கும். மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை நாற்பது சதவீதத்தை ஒட்டி வைத்தால் போதும், ஒரு சின்ன அளவுமானியும் உள்ளே இருக்கட்டும். ஜெல்லை மாதம் ஒருமுறை வெயிலில் வைத்துவிட்டுத் திருப்பிப் போடுவதால் முழுதாக உலராது, அடுப்பில் சூடாக்க வேண்டும். பி.வி.சி. ஆல்பமும் ரப்பர் பேண்டும் ஆகாது, பி.வி.சி. சிதையும்போது வரும் அமிலம் செம்பைப் பச்சையாக்கும். கருவாலி மரப் பெட்டியும் துத்தநாகப் பதக்கத்துக்கு ஆகாது, அதன் அமில ஆவி போர் இறுதியில் செய்த மலிவான துத்தநாகத்தைச் சாம்பல் பொடியாக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை: எடை, அகலம், முத்திரை, வாங்கிய தேதி, விற்றவர் சொன்னது, நீங்கள் சோதித்தது. விற்றவர் சொன்னதையும் நீங்கள் சோதித்ததையும் வேறு வேறு மையில் எழுதுங்கள்.